காலையில் கார் நடுங்குவது ஏன்?

தில்லியில் மார்கழி பிறந்துவிட்டால், நம்மவர் வீடுகளில் விடியற்காலையில் இரண்டு ஒலிகள் கேட்கும். ஒன்று, சமையலறையில் காப்பி ஃபில்டரைத் தட்டும் ஒலி. மற்றது, வாசலில் ஸ்டார்ட் ஆனபின்னும் நிதானத்துக்கு வராமல் இருமி இருமி நடுங்கும் காரின் ஒலி. முதலாவதைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியுடைய நேயர்கள் பலர் உள்ளனர். இரண்டாவதைப் பற்றிப் பேசும் தகுதியை நான் கைப்பணம் செலவிட்டுச் சம்பாதித்தேன். அந்தச் செலவு மற்றவர்களுக்கு நேராமல் இருக்கட்டும் என்பதே இந்தப் பேச்சின் நோக்கம்.

நான் பொறியியல் படித்தவனல்லன். கலைப்பிரிவில் பட்டம் பெற்று, மத்திய சர்க்கார் அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளனாகப் பணிபுரிபவன். ஒரு சொல்லைத் தவறாகப் பெயர்த்தால் ஒரு கோப்பே திசைமாறிப் போகும் என்பதை நன்கு அறிந்தவன். ஆனால் அதே தவற்றை ஒரு மெக்கானிக்கின் முன்னால் நான் செய்தேன்.

2024ஆம் ஆண்டு ஜனவரி மாதம். என் தாயாருக்கு வெறும் வயிற்றில் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டியிருந்தது. காலை ஆறரை மணி. பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாத மூடுபனி. கார் ஸ்டார்ட் ஆயிற்று. ஆனால் முன் ஆசனம் அதிரும் அளவுக்கு நடுங்கிற்று. சூடேறினால் சரியாகிவிடும் என்று எண்ணிப் புறப்பட்டுவிட்டேன். முதல் சிக்னலில், காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுத்த கணமே எஞ்சின் அணைந்துவிட்டது. பின்னால் வந்த லாரி கிறீச்சிட்டுக்கொண்டு சில அடி தூரத்தில் நின்றது. தாயார் ஒன்றும் சொல்லவில்லை. சால்வையின் நுனியைக் கையில் இறுகச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்றுதான், காரின் நடுக்கம் வெறும் சங்கடமன்று, உயிரோடு விளையாடும் காரியம் என்பது எனக்கு உறைத்தது.

அன்று மாலையே ஒரு பட்டறைக்குப் போனேன். “மிஸ்ஸிங் ஆகிறது” என்றேன். அந்தச் சொல் காதில் விழுந்ததும் அவர்கள் நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் மாற்றினார்கள். இரண்டு நாளில் நடுக்கம் திரும்பி வந்தது. வேறொரு பட்டறைக்குப் போய், “வைப்ரேஷன் இருக்கிறது” என்றேன். அவர்கள் எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுன்டிங்குகளை மாற்றினார்கள். ஏறத்தாழ ஒன்பதாயிரம் ரூபாய் செலவாயிற்று. நடுக்கம் இருந்த இடத்தில் இருந்தது. இரு பட்டறைக்காரர்களும் என்னை ஏமாற்றினார்கள் என்று நான் கூறமாட்டேன். நான் சொன்ன சொல்லுக்கு ஏற்ற வேலையை அவர்கள் செய்தார்கள். பிழை என் சொல்லில் இருந்தது.

மூன்றாவதாக, ஒரு சந்தில் வேப்பமரத்தடியில் பட்டறை வைத்திருந்த முதிய மெக்கானிக்கிடம் போனேன். அவர் பானெட்டைத் திறக்கவில்லை. நான்கு கேள்விகள் கேட்டார். அந்த நான்கு கேள்விகளையும், அவற்றுக்கு வரக்கூடிய விடைகள் எவ்வெவற்றைக் குறிக்கும் என்பதையும் நேயர்களுக்கு விளக்க விரும்புகிறேன். அதற்கு முன், ஓர் எஞ்சின் நின்ற இடத்தில் நிதானமாக ஓடுவது எவ்வாறு என்பதைச் சுருக்கமாக அறிந்துகொள்ளுதல் நலம்.

நின்றபடி ஓடுவதன் சிரமம்

சைக்கிளை வேகமாக ஓட்டுவது எளிது. நடை வேகத்தில் விழாமல் ஓட்டுவதே கடினம். எஞ்சினுக்கும் அப்படியே. வண்டி நிற்க எஞ்சின் மட்டும் மெல்ல ஓடும் நிலையை ‘ஐட்லிங்’ என்றும், பட்டறை வழக்கில் ‘ஸ்லோ’ என்றும் கூறுவர். சூடேறிய பெட்ரோல் எஞ்சின் இந்நிலையில் நிமிடத்துக்குச் சுமார் 700 முதல் 850 சுற்றுகள் வரை சுழலும். நான்கு சிலிண்டர் எஞ்சின் 800 சுற்றில் ஓடும்போது நிமிடத்துக்கு 1,600 முறை எரிபொருள் வெடிக்கிறது. அதாவது ஒரு வினாடிக்கு ஏறக்குறைய 27 முறை. நான்கில் ஒரு சிலிண்டர் தன் கடமையைச் செய்யத் தவறினால், வினாடிக்கு ஏழு முறை தாளம் தப்புகிறது. வேகமாக ஓடும்போது எஞ்சினின் உந்துதல் இக்குறையை மறைத்துவிடும். மெல்ல ஓடும்போது மறைக்க எதுவுமில்லை. உடல் முழுவதும் அதிர்கிறது.

ஒவ்வொரு வெடிப்புக்கும் காற்று, எரிபொருள், தீப்பொறி என்னும் மூன்றும் உரிய அளவில், உரிய நேரத்தில் வந்து சேர வேண்டும். சிலிண்டரும் கசிவின்றி அவற்றை அழுத்திப் பிடிக்க வேண்டும். தூய பெட்ரோல் ஒரு கிலோ எரிவதற்கு 14.7 கிலோ காற்று தேவை. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஏறத்தாழ 13.5 கிலோ போதும்.

குளிர்ந்த காலையில் இந்த ஏற்பாடு முழுவதும் சிரமத்துக்கு உள்ளாகிறது. பெட்ரோல் எளிதில் ஆவியாவதில்லை. ஈரமாகவே குழாயின் சுவரிலும் சிலிண்டரின் சுவரிலும் ஒட்டிக்கொள்கிறது. எத்தனாலுக்கு இவ்விஷயத்தில் சோம்பல் இன்னும் அதிகம். எண்ணெய் கெட்டிப்பட்டு எஞ்சினின் சுழற்சியைத் தடுக்கிறது. பாட்டரியும் தன் வலிமையில் ஒரு பகுதியை இழக்கிறது. ஆகையால் முதல் சில நிமிடங்களுக்கு எரிபொருளை வழக்கத்தைவிட அதிகமாக ஊட்ட வேண்டியுள்ளது.

அம்பாசடர், பத்மினி ஆகிய வண்டிகளின் காலத்தில் இந்த வேலையைச் செய்தது ‘சோக்’ என்னும் குமிழ். அதை எவ்வளவு இழுப்பது, எப்போது உள்ளே தள்ளுவது என்பது ஓட்டுபவரின் கைப்பழக்கம். 2000ஆம் ஆண்டை ஒட்டி மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் கடுமையாயின; கார்புரேட்டர் விடைபெற்று, இன்ஜெக்டர் அவ்விடத்துக்கு வந்தது. அதன்பின் சோக் செய்த வேலையை ஒரு சிறு கணினி ஏற்றுக்கொண்டது. எஞ்சினைச் சுற்றியோடும் கூலன்ட் நீர் எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பதை ஓர் உணர்கருவி கணினிக்குத் தெரிவிக்கிறது. கணினி அதற்கேற்ப எரிபொருளைக் கூட்டி, சுற்றையும் 1,200, 1,500 என்று உயர்த்தி, சூடு ஏற ஏறப் படிப்படியாகக் குறைக்கிறது. ஆகவே குளிர்காலத்தில் முதல் ஓரிரு நிமிடம் எஞ்சின் சற்று வேகமாக ஓடுவது நோயன்று; அதுவே ஆரோக்கியம்.

இங்கே இன்னொரு நுட்பம் உண்டு. புகைக்குழாயில் ஆக்சிஜன் அளவை உணரும் கருவி ஒன்று இருக்கிறது. கலவை சரியாக எரிகிறதா என்பதை அது கணினிக்கு ஓயாமல் அறிவிக்கும். ஆனால் அது சுமார் 300 டிகிரி சூடேறிய பிறகே வேலை செய்யத் தொடங்கும். அதுவரை கணினியின் நிலை, ருசி பார்க்க நாக்கில்லாத சமையல்காரரின் நிலைதான். ஏட்டில் எழுதியுள்ள அளவைப் பார்த்தே கலக்கிறது. காற்றுக் குழாயில் சிறு வெடிப்பு, வழியில் படிந்த கரி போன்ற குறைகளைச் சூடேறிய பின் கணினி ருசி பார்த்துத் திருத்திக்கொள்ளும். குளிர்ந்த நிலையில் திருத்த வழியில்லை. சிறு குறைகள் காலையில் மட்டும் தலைகாட்டி, பட்டறைக்குப் போய்ச் சேருவதற்குள் மறைந்துவிடுவது இதனாலேயே.

நான்கு கேள்விகள்

முதல் கேள்வி: நடுக்கம் எப்போது வருகிறது? இரவு முழுவதும் நின்ற வண்டியின் முதல் ஸ்டார்ட்டில் மட்டுமா, எப்போது ஸ்டார்ட் செய்தாலுமா?

இரண்டாவது: எவ்வளவு நேரம் நீடிக்கிறது? ஐந்து வினாடியா, இரண்டு நிமிடமா, சூடேறிய பின்னும் உண்டா?

மூன்றாவது: எந்த எரிபொருளில்? தில்லி, மும்பை போன்ற நகரங்களில் பெட்ரோலிலும் சி.என்.ஜி. வாயுவிலும் ஓடும் வண்டிகள் ஏராளம். ஆகவே இது முக்கியமான கேள்வி.

நான்காவது: எதைச் செய்தால் குறைகிறது, எதைச் செய்தால் கூடுகிறது? ஆக்சிலரேட்டரைச் சிறிது மிதித்தால், விளக்கைப் போட்டால், ஏ.சி.யை இயக்கினால், மழை பெய்தால் என்ன ஆகிறது?

இவற்றுக்கு விடை காணக் கருவி எதுவும் வேண்டாம். மூன்று நாள் காலையில் ஒரு துண்டுக் காகிதமும் பென்சிலும் வைத்துக்கொண்டு குறித்தால் போதும். டாஷ்போர்டிலுள்ள சுற்று காட்டும் முள்ளையும் கவனிக்க வேண்டும். உடல் அதிரும்போது முள் அசையாமல் நின்றால், எஞ்சின் ஒழுங்காகவே ஓடுகிறது. அதைத் தாங்கும் மவுன்டிங் தளர்ந்திருக்கலாம். முள்ளும் சேர்ந்து ஆடினால் குறை எஞ்சினின் எரிதலில் உள்ளது. என் காரில் முள் ஆடிக்கொண்டிருந்தது. அதை நான் கவனித்திருந்தால், மவுன்டிங்குகளை மாற்றிய செலவு மிஞ்சியிருக்கும். மூன்று சிலிண்டர் எஞ்சின்களில் சிறிதளவு அதிர்வு இயல்பு என்பதையும் மறத்தலாகாது.

விடைகள் சொல்லும் செய்தி

இரவு நின்றபின் ஸ்டார்ட்டர் வெகுநேரம் சுற்றி, பிறகு சில வினாடி நடுங்கி, பின்னர் சரியாகிறதா? பெட்ரோல் குழாயில் தேங்கி நிற்க வேண்டிய அழுத்தம் இரவில் இறங்கிவிட்டிருக்கலாம். இதை வீட்டிலேயே சோதிக்கலாம். சாவியை ஸ்டார்ட் வரை திருப்பாமல், ‘ஆன்’ நிலையில் மூன்று வினாடி வைத்து அணைக்கவும். இரண்டு மூன்று முறை இவ்வாறு செய்தபின் ஸ்டார்ட் செய்யவும். ஒவ்வொரு முறையும் பம்ப் சற்று ஓடி அழுத்தத்தை நிரப்பும். இப்படிச் செய்த நாளில் கார் ஒழுங்காகக் கிளம்பினால், பம்பிலுள்ள தடுப்பு வால்வோ, கசியும் இன்ஜெக்டரோ குற்றவாளி. ஸ்டார்ட் ஆனதும் கரும்புகையும் பெட்ரோல் நெடியும் வந்தால், கசியும் இன்ஜெக்டரின் மீதே சந்தேகம் வலுக்கும்.

ஆக்சிலரேட்டரைச் சிறிது மிதித்ததும் எஞ்சின் சீராகி, காலை எடுத்ததும் அணையப் பார்க்கிறதா? விளக்கையோ ஏ.சி.யையோ போட்டால் இன்னும் தளர்கிறதா? காற்று நுழையும் வாயிலான திராட்டிலில் கரி படிந்து வழி குறுகியிருக்கலாம். இது மிகச் சாதாரணமான காரணம், செலவும் குறைவு. அதற்கென்று விற்கும் திரவத்தைத் துணியில் நனைத்துத் துடைப்பர். மின்சாரத்தால் இயங்கும் திராட்டிலின் தகட்டை விரலால் அழுத்தித் திறக்கலாகாது. உள்ளிருக்கும் பற்சக்கரம் பழுதாகும். துடைத்தபின் கணினிக்குப் புதிய அளவைக் கற்பிக்கும் சிறு சடங்கு ஒன்று பல வண்டிகளில் உண்டு. அதைச் செய்யாவிட்டால் சில நாளைக்குச் சுற்று ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். ஏர் ஃபில்டரையும் அப்போதே பார்த்துவிடுதல் நல்லது.

சுற்று காட்டும் முள் கூடியும் குறைந்தும் அலைகிறதா? பானெட்டுக்குள்ளிருந்து பாம்பு சீறுவது போன்ற மெல்லிய ஒலி வருகிறதா? கணக்கில் வராத காற்று எங்கோ ஒரு வெடிப்பு வழியாக உள்ளே நுழைகிறது என்பது பொருள். குளிரில் ரப்பர் குழாய் விறைத்துச் சுருங்குவதால் வெடிப்பு திறக்கிறது, சூடேறினால் மூடிக்கொள்கிறது. பிரேக்குக்கு உதவும் வேக்கம் குழாயில் இந்தக் கசிவு இருந்தால் பிரேக் மிதி கல்லைப் போல் இறுகிவிடும். அப்போது வண்டியை நகர்த்தவே கூடாது. கசிவைக் கண்டுபிடிக்க, எரியக்கூடிய திரவத்தை எஞ்சின்மீது தெளித்துப் பார்க்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அது தீ விபத்தை அழைப்பதாகும். குழாய்க்குள் புகையைச் செலுத்தி அது வெளிப்படும் இடத்தைக் காண்பதே பத்திரமான முறை.

நடுக்கம் ஒரே தாளத்தில், ‘தடக், தடக்’ என்று வருகிறதா? ஏதோ ஒரு சிலிண்டர் எரியத் தவறுகிறது. ஸ்பார்க் பிளக், அதற்கு மின்சாரம் தரும் காயில், இன்ஜெக்டர் ஆகிய மூன்றில் ஒன்று காரணமாகலாம். அண்மைக்கால வண்டிகளில் ஸ்கேனரைப் பொருத்தினால் ‘பி 0301’ போன்ற குறியீடு தோன்றும். அதன் கடைசி எண் சிலிண்டரின் எண். ‘பி 0300’ என வந்தால் குறை ஒரே சிலிண்டரில் நிலைத்து நிற்கவில்லை என்று கொள்க. குறியீடு கிடைத்தவுடன் உறுப்பை வாங்கிவிடலாகாது. முதல் சிலிண்டரின் காயிலைக் கழற்றி இரண்டாவதில் மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். குறியீடு ‘பி 0302’ என்று மாறினால் குறை காயிலோடு இடம்பெயர்ந்துவிட்டது, காயிலே குற்றவாளி. மாறாவிட்டால் அடுத்து பிளக்கை இவ்வாறே இடம் மாற்றிப் பார்க்கலாம். இதற்கு ஒரு பைசாவும் உறுப்புச் செலவில்லை. சாதாரண பிளக்குகள் சுமார் 30,000 முதல் 40,000 கிலோமீட்டர் வரையும், இரிடியம் முனையுடையவை ஏறத்தாழ 1,00,000 கிலோமீட்டர் வரையும் உழைக்கும். சரியான அளவு வண்டியின் கையேட்டில் இருக்கும்.

மழையும் பனியும் உள்ள நாளில் மட்டும் நடுக்கமா? பிளக்குக்கு மின்சாரம் செல்லும் வழியில் உள்ள ரப்பர் உறையில் வெடிப்பு உண்டாகி, ஈரத்தின் வழியே மின்சாரம் தப்பிச் செல்லக்கூடும்.

பெட்ரோல் வீண்செலவாகிறது, காலையில் நடுக்கமும் இருக்கிறது. ஆனால் மேற்சொன்ன எதுவும் பொருந்தவில்லையா? கூலன்ட் சூட்டை உணரும் கருவி பொய் சொல்லலாம். இதைப் பிடிக்க ஓர் அழகான சோதனை உண்டு. இரவு முழுவதும் நின்ற வண்டியில், ஸ்டார்ட் செய்யாமல், சாவியை ‘ஆன்’ நிலையில் வைத்து ஸ்கேனரில் இரண்டு அளவுகளைப் பார்க்க வேண்டும். ஒன்று கூலன்ட்டின் சூடு. மற்றது உள்ளே வரும் காற்றின் சூடு. இரவெல்லாம் ஒரே குளிரில் கிடந்த இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்க வேண்டும். காற்று 8 டிகிரி என்றும் கூலன்ட் 50 டிகிரி என்றும் காட்டினால், கருவி பொய்யுரைக்கிறது. எஞ்சின் சூடாகவே இருக்கிறது என்று நம்பிய கணினி, குளிரில் ஊட்ட வேண்டிய எரிபொருளை ஊட்டாமல் இருந்துவிடுகிறது.

பாட்டரியையும் கவனிக்க வேண்டும். ஓய்ந்திருக்கும் நல்ல பாட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12.4க்குக் கீழே இறங்கினால் அது தளர்ந்துவிட்டது. எஞ்சின் ஓடும்போது பெரும்பாலான வண்டிகளில் 13.5 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். மின்சாரம் குறைந்தால் பம்பும் கணினியும் தீப்பொறியும் ஒருங்கே தடுமாறும். ஒரு நோய் பத்து நோயாகத் தோன்றும்.

கடைசியாக, அஞ்ச வேண்டிய குறி ஒன்று. தில்லிக் குளிரில் காலையில் எல்லாப் புகைக்குழாய்களிலிருந்தும் வெண்ணிற ஆவி வரும், சில நிமிடத்தில் மறையும், அது இயல்பு. ஆனால் எஞ்சின் நன்றாகச் சூடேறிய பின்னும் வெண்புகை தொடர்ந்து, அதில் இனித்த மணமும் இருந்து, கூலன்ட்டின் அளவும் நாளுக்கு நாள் குறைந்தால், ஹெட் காஸ்கெட் வழியாக நீர் சிலிண்டருக்குள் கசிகிறது என்று ஐயுற வேண்டும். இரவில் துளித் துளியாக இறங்கிய நீரே காலை நடுக்கத்துக்குக் காரணம். அத்தகைய வண்டியை ஓட்டாமல், வேறு வண்டியில் ஏற்றிப் பட்டறைக்கு அனுப்புவதே சிக்கனம்.

என் காரின் நோய்

இனி வேப்பமரத்தடிக்குத் திரும்புவோம். என் கார் பெட்ரோல், சி.என்.ஜி. இரண்டிலும் ஓடுவது. இத்தகைய வண்டிகளில் பெரும்பாலானவை பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகி, சற்றுச் சூடேறியதும் தாமாகவே வாயுவுக்கு மாறிக்கொள்ளும். “வாயுவுக்கு மாறிய பிறகு நடுங்குகிறதா?” என்று மெக்கானிக் கேட்டார். இல்லை என்றேன். “அப்படியானால் பிளக்கை ஏன் மாற்றினீர்கள்?” என்று கேட்டார்.

எனக்கு விளங்கவில்லை. அவர் பொறுமையாக விளக்கினார். வாயுவைப் பற்றவைக்கப் பெட்ரோலைவிட வலிமையான தீப்பொறி வேண்டும். பிளக்கோ காயிலோ தளர்ந்திருந்தால் அது வாயுவில்தான் முதலில் வெளிப்படும். வாயுவில் எஞ்சின் சீராக ஓடுகிறதென்றால் தீப்பொறி நன்று; சிலிண்டரின் அழுத்தம் நன்று; காற்றின் வழியும் பெரும்பாலும் நன்று. ஆகவே மிஞ்சுவது பெட்ரோலின் வழி ஒன்றே. பிறகு அவர் கேட்டார்: “டாங்கியில் கடைசியாக எப்போது பெட்ரோல் போட்டீர்கள்?”

யோசித்துப் பார்த்தேன். ஏழு மாதம் ஆகியிருந்தது. வாயு மலிவு என்பதால் பெட்ரோலைத் தொடுவதே இல்லை. முள் அடிமட்டத்தில் கிடந்தது. அவ்வளவு காலம் தேங்கிய பெட்ரோலில், எளிதில் ஆவியாகும் பகுதி முன்னரே பறந்துவிடுகிறது. குளிர்ந்த ஸ்டார்ட்டுக்குத் தேவையானதோ அந்தப் பகுதிதான். எத்தனால் கலந்திருப்பதால் அது காற்றிலுள்ள ஈரத்தையும் உறிஞ்சுகிறது. பயன்படாத இன்ஜெக்டரின் முனையில் பிசின் படிகிறது. மெக்கானிக் டாங்கியை வடித்து, இன்ஜெக்டர்களைச் சுத்தம் செய்து, புதிய பெட்ரோலை ஊற்றினார். மறுநாள் காலை கார் நடுங்கவில்லை. முந்தைய இரண்டு பட்டறைகளிலும் நான் கொடுத்ததில் நான்கில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

அதன்பின் நான் கைக்கொள்ளும் விதி இது: டாங்கியில் கால் பங்குக்குக் குறையாமல் பெட்ரோல் வைத்திருப்பது, வாரத்தில் ஒரு நாளாவது சில கிலோமீட்டர் பெட்ரோலில் ஓட்டுவது, ஓரிரு மாதத்துக்குள் அந்தப் பெட்ரோலைச் செலவழித்துப் புதியது நிரப்புவது. சி.என்.ஜி. வண்டி வைத்திருக்கும் அன்பர்கள் இதை மட்டும் நினைவில் கொண்டாலும் இந்தப் பேச்சு பயன் தந்ததாகும். நேர்மாறாக, பெட்ரோலில் சீராகவும் வாயுவில் மட்டும் நடுங்கியும் ஓடினால், பிளக், காயில், வாயு ஃபில்டர் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லலாம். வாயு மணம் வீசினால் ஸ்டார்ட் செய்யவே கூடாது. வண்டியை விட்டு அனைவரும் விலகி நின்று, உரியவர்களை அழைக்க வேண்டும்.

செய்யத் தகாதவை

மூடிய கராஜுக்குள் எஞ்சினை ஓடவிட்டுச் சூடேற்றுதல் கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்றது. அறியாமலே உயிரைக் குடிக்கும். குளிர்ந்த எஞ்சின் அதை அதிகமாகவே வெளியிடும். கதவைத் திறந்து, வண்டியை வெளியே கொண்டுவந்த பின்னரே மற்றவை.

பத்து நிமிடம் நிறுத்திச் சூடேற்ற வேண்டிய தேவை இக்கால வண்டிக்கு இல்லை. அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் போதும். பிறகு முதல் சில கிலோமீட்டரை மெல்ல ஓட்டினால் எஞ்சின் தானே சூடேறும். நடுக்கத்தை அடக்குவதற்காக ஆக்சிலரேட்டரை உறுமும்படி மிதிப்பதும் தவறு.

டாஷ்போர்டில் எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால், எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குள் போகிறது என்பது எச்சரிக்கை. அங்குள்ள காட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சூடேறிப் பழுதாகும். அதன் விலை மிக அதிகம். மின்னும் விளக்கோடு வேகமாக ஓட்டலாகாது. கம்பெனியின் உத்தரவாதக் காலம் முடியாத வண்டியை, வெளியாரிடம் கொடுக்காமல் கம்பெனியின் சேவை நிலையத்துக்கே கொண்டு செல்ல வேண்டும். இங்கே சொன்னவை பெட்ரோல், வாயு வண்டிகளுக்கே உரியவை. டீசலுக்குத் தீப்பொறி இல்லை; அதன் குளிர்கால நோய்கள் வேறு.

மெக்கானிக்கிடம் சொல்வது எப்படி

வேற்று மாநிலத்தில் வாழும் நமக்கு இதுவே பெரிய இடர். ஊரில் இருந்தால், “அண்ணே, காலையில கிளப்பும்போது ஒரு மாதிரி உதறுது” என்று சொல்லிவிடலாம், அவரும் புரிந்துகொள்வார். இங்கே மொழி தடுமாறும்போது, கைக்கு எட்டிய ஒரு சொல்லைப் பற்றிக்கொள்கிறோம். மிஸ்ஸிங், பிக்கப், ஸ்லோ, ரேஸ் ஆகிய சொற்கள் காஷ்மீர் முதல் கன்னியாகுமரி வரை எல்லாப் பட்டறைகளிலும் வழங்குபவை. அவை ஆங்கிலச் சொற்கள். ஆனால் நம் பட்டறைகள் அவற்றுக்கு அளித்துள்ள பொருள் இந்த நாட்டுக்கே உரியது. அவற்றில் ஒரு தீங்கும் உண்டு. ‘மிஸ்ஸிங்’ என்பது குறியின் பெயர் போல் ஒலித்தாலும், கேட்பவரின் காதில் அது மருந்துச் சீட்டாகவே விழுகிறது. பிளக்கை மாற்று என்று பொருள்படுகிறது.

ஆகவே நோயின் பெயரைச் சொல்லாதீர்கள், கண்டதைச் சொல்லுங்கள். ஹிந்தி வழங்கும் ஊரில் மூன்று சிறு வாக்கியங்கள் போதும். “சுபஹ் பெஹலீ ஸ்டார்ட் மே காம்ப்தீ ஹை” – காலையில் முதல் ஸ்டார்ட்டில் நடுங்குகிறது. “கரம் ஹோனே பர் டீக் ஹோ ஜாதீ ஹை” – சூடேறினால் சரியாகிவிடுகிறது. “பெட்ரோல் பர் ஹோதா ஹை, சி.என்.ஜி. பர் நஹீ” – பெட்ரோலில் உண்டு, வாயுவில் இல்லை. இவற்றில் உங்கள் வண்டிக்குப் பொருந்துவதைச் சொல்லுங்கள். பிறமொழி வழங்கும் ஊரில், அந்த ஊர் நண்பர் ஒருவரிடம் இவற்றைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளலாம். கைப்பேசியில் நடுக்கத்தின் ஒலியையும் முள்ளின் ஆட்டத்தையும் பதிவு செய்து காட்டலாம். அதற்கு மொழி தேவையில்லை. எல்லாவற்றிலும் சிறந்தது, வண்டியை முதல் நாள் மாலையே பட்டறையில் விட்டு, மறுநாள் காலைக் குளிரில் மெக்கானிக்கையே முதல் ஸ்டார்ட் செய்யச் சொல்வது.

எந்த உறுப்பையும் மாற்றுவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: “இதுதான் காரணம் என்பதை எவ்வாறு அறிந்தீர்கள்?” நல்ல மெக்கானிக் இந்தக் கேள்விக்குச் சினம் கொள்ளமாட்டார். மகிழ்ந்து விளக்குவார். மாற்றிய பழைய உறுப்பைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். செலவில்லாத சோதனையை முதலிலும், செலவுள்ள மாற்றத்தைக் கடைசியிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

அவ்வாண்டு பிப்ரவரியில் தாயாருக்கு மறுபடியும் பரிசோதனை வந்தது. அதே காலை வேளை, அதே சாலை, பனி மட்டும் சற்றுக் குறைந்திருந்தது. அதே சிக்னலில் நின்றோம். எஞ்சின் ஓடுகிறதா என்று சந்தேகம் தோன்றும் அளவுக்கு அமைதி. தாயார் சால்வையை மடித்து மடிமேல் வைத்துக்கொண்டு, “ஏண்டா, வண்டி நின்னுபோச்சா?” என்று கேட்டார். “இல்லையம்மா, ஓடிக்கொண்டுதான் இருக்கிறது” என்றேன்.